தொழிற்பயிற்சி ஆசிரியருக்கு ஆன்லைன் பாடம் பழக்குவது எப்படி?



2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஐ.டி.ஐ.கள் மூடப்பட்டபோது பாடங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசு 2019-லேயே ‘பாரத் ஸ்கில்ஸ்’ இணையதளத்தைத் தொடங்கி, பாடத்திட்டம், வீடியோ, கேள்வித் தொகுப்பு ஆகியவற்றை அதில் வைத்திருந்தது. சென்னை கிண்டியில் 1986-ல் தொடங்கப்பட்ட ‘நிமி’ நிறுவனத்தின் தொழிற்பிரிவுப் பாடநூல்களும் இருந்தன. ஆனால், அவற்றைப் பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டிய ஆசிரியர்களில் பலர் அதுவரை ஆன்லைனில் ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை.

அந்தக் குறை இன்னும் தீரவில்லை. வெல்டிங், வயரிங், தையல் சொல்லித்தருபவர்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள். மவுஸைத் தொடத்தான் தயங்குகிறார்கள். நம் வகுப்பின் ஏ.சி. ஆசிரியர் ஒருவர், “தப்பாக அமுக்கினால் பிள்ளைகள் சிரிக்குமே” என்றார். அறியாமையைவிட இந்தக் கூச்சமே பெரிய தடை. அவர் ஒதுங்கிவிட்டால் நஷ்டம், வளைகுடா வேலைக்குத் தயாராகும் கீழக்கரை, தேவிபட்டினம், பாம்பன் பிள்ளைகளுக்குத்தான்.

மத்ரஸாவில் உஸ்தாத் ஓதிக்காட்டுவார். பிள்ளை திருப்பி ஓதும். பிழையை அங்கேயே திருத்துவார். பட்டறையிலும் இதே முறைதான். கணினியையும் அப்படியே பழக்கலாம்.

1. முதலில் மாணவராக அமரட்டும். ‘மூடில்’ என்பது ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டுகியமாஸ் 2002-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். அதில் அவரே ஒரு பாடத்தைத் திறந்து, தேர்வு எழுதி, விடையை அனுப்பிப் பார்க்கட்டும். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பது அப்போது தெரியும்.

2. வெல்டிங் பழகுபவனுக்கு முதலில் கழிவுத் தகட்டைத்தானே கொடுக்கிறோம்? அதுபோல, மாணவர் யாரும் பார்க்காத ஒரு மாதிரி வகுப்பை அவருக்குத் திறந்து கொடுங்கள். எத்தனை தவறு செய்தாலும் பாதகமில்லை.

3. பாடம் அவர் தொழிலிலிருந்தே வரட்டும். மூன்று முனை பிளக்கை மாட்டும் விதத்தை செல்போனில் 3 நிமிடம் படமெடுத்து ஏற்றலாம். “எர்த் முனை ஏன் நீளமாக இருக்கிறது?” என்று ஒரு கேள்வியும் சேர்க்கலாம். விடை: மின்சாரம் சேருமுன் எர்த் சேர வேண்டும், பிரியும்போது அது கடைசியாகப் பிரிய வேண்டும்.

4. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். உதவுகிறவர் அவசரப்பட்டு மவுஸைத் தம் கைக்கு வாங்கிவிடக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். வெல்டிங்கைத் திரையில் பார்த்து மட்டும் கற்க முடியாது. எழுத்துப் பாடத்தை வீட்டில் செல்போனில் முடித்துவிட்டால், பட்டறை நேரம் முழுவதும் கைப்பழக்கத்துக்குக் கிடைக்கும். பலன் அதுதான்.

உங்கள் வீட்டில் கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளை இருந்தால், வாரம் இரண்டு மணி நேரம் ஓர் ஆசிரியர் அருகில் உட்கார அனுப்புங்கள். “சார், இப்போது நீங்கள் செய்யுங்கள்” என்று மரியாதையோடும் பொறுமையோடும் சொல்லத் தெரிந்தால் போதும். நம் முயற்சியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.