இரண்டு அதிகாரங்களின் கீழ்



அரசுக்குக் கீழ்ப்படிவதா, ஆண்டவருக்கா? தாபோடியில் என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது.

இரண்டுக்கும்தான் என்கிறது வேதம். கொடிய நீரோ மன்னன் ஆண்ட காலத்திலேயே, அதிகாரிகளுக்கு வரியும் மதிப்பும் செலுத்தச் சொன்னார் பவுல் (ரோமர் 13). ஆனால் பிரசங்கிக்கத் தடை வந்தபோது, தேவனுக்கே முதலிடம் என்றார் பேதுரு (அப்போஸ்தலர் 5).

இரண்டும் மோதினால்? 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கீதம் ஒலிக்கையில் அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மனச்சாட்சி இடம் தரவில்லை. உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 19, 25ஆம் பிரிவுகளின்படி, அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

நான் தேசிய கீதம் பாடுகிறவன். ஆயினும் அவர்களிடம் கற்க இரண்டு உண்டு: எதையும் அவமதிக்கவில்லை, நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்கே போனார்கள். பவுலும் இராயனிடம் மேல்முறையீடு செய்தாரே (அப்போஸ்தலர் 25)!

மராட்டிய மண்ணில் வாழும் நாம் வரி, ரேஷன் கார்டு, வண்டி லைசென்ஸ் எதிலும் நேர்மையாக இருப்போம். அப்போதுதான், ஒருநாள் 'இதை மட்டும் செய்யமாட்டேன்' என்று நாம் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.