உடல் பருமன்: நம் வீட்டுப் பெண்களும் நடக்கட்டும்



அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் வருகிறது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னையாரை ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்தார்கள். அப்போது மெலிந்த உடல், அன்னையார் முந்தினார்கள். காலம் சென்று உடம்பில் சதை போட்டபின் மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நபி (ஸல்) அவர்கள் முந்தினார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் சரியாகிவிட்டது என்ற கருத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

கணவன் மனைவி பிரியத்துக்கு ஆதாரமாகவே இதை பயான்களில் சொல்லிப் பழகிவிட்டோம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். உடல் பருத்துவிட்டது என்று நபியவர்கள் குத்திப் பேசவில்லை. இனி உனக்கெதற்கு ஓட்டம் என்று உட்கார வைக்கவும் இல்லை. திரும்பவும் ஓட அழைத்தார்கள். கூட்டத்தை முன்னால் அனுப்பி மறைவையும் பேணினார்கள். மறைவைக் காரணம் காட்டி ஓட்டத்தை நிறுத்தவில்லை.

நம் ஊரில் என்ன நிலை? சுப்ஹு தொழுதுவிட்டு 48 மடைக் கண்மாய்ப் பக்கம் நடந்து வருகிற ஆண்கள் சிலராவது இருக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். ஆண்களில் 37 சதவீதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டுவலி எல்லாம் இதன் பின்னால் வருபவை. "அவள்தான் நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறாளே" என்பார்கள். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்தபின், மூச்சு வாங்க வைக்கிற வேலை எத்தனை வீட்டில் மிச்சமிருக்கிறது?

ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே என்றும் சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத். அதில் உடலுக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது வேகமாக நடக்கும் அளவு உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குத் தொழுகையைக் கணக்குக் காட்டித் தப்பிக்க வேண்டாம். (இரண்டு தெரு தள்ளியிருந்து பள்ளிக்கு பைக்கில் வருபவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்கவும்.)

நடந்தால் மட்டும் எடை மளமளவென்று இறங்கிவிடாது. அரைமணி நேர நடையில் செலவாகும் சக்தி ஒரு பரோட்டாவுக்கே ஈடாகாது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற திர்மிதியின் ஹதீஸும் கூடவே வேண்டும். ஆனாலும் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. வயிற்றுக் கொழுப்பு குறைகிறது. குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்கிறது. தராசு முள் அசையாவிட்டாலும் இந்தப் பலன் உண்டு.

ஆகவே கணவன்மார்களே, இஷாவுக்குப் பின் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடங்கள். வெளியே கூச்சமென்றால் மொட்டைமாடி போதும். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மதரஸா மைதானத்தைத் தினமும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்கள் மட்டும் நடக்க ஒதுக்கித் தாருங்கள். வாசல் கதவைச் சாத்தினால் மறைவும் கிடைத்துவிடும்.

அல்லாஹ் நம் வீட்டுப் பெண்களுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.