அவையும் சொல்லும்

சொல் உள்ளங்களை இணைக்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. வீட்டினுள் ஒருவன் கூறும் கடுஞ்சொல் பெரும்பாலும் அவ்வீட்டோடு அடங்கும். அதுவே மேடையேறி, ஒலிபெருக்கியின் வழியே ஊரெங்கும் பரவுமாயின் அதன் விளைவு பெரிது. ஆதலின், பிறரை இழித்தும் பகைமையை மூட்டியும் பேசுவோர்க்குப் பொதுமேடை அளித்தல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. இதனை நடுநிலையோடு ஆராய்வோம்.

மாற்றுக் கருத்துக்கு இடமளித்தல் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமய வாதம் புரிவோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கின்றான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளலாகாது என்றும் உடன் அறிவிக்கின்றான். வஞ்சி மாநகரிலோ மணிமேகலை பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்கின்றாள். மறுமையே இல்லை என்னும் பூதவாதியும் அவருள் ஒருவன். கருத்து மாறுபாட்டிற்கு அவையில் இடமுண்டு. கலகத்திற்கு இடமில்லை என்பதே நம் முன்னோர் வகுத்த நெறி.

நம் அரசியலமைப்பும் இந்நெறியையே மேற்கொண்டுள்ளது. அதன் 19ஆம் பிரிவு பேச்சுரிமையை வழங்குகின்றது. பொது ஒழுங்கு முதலியவற்றின் பொருட்டு நியாயமான வரம்புகளையும் விதிக்க இடந்தருகின்றது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, சமயம், இனம், பிறப்பிடம், மொழி, சாதி முதலியன காரணமாக மக்களிடையே பகைமையை வளர்ப்பார்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது.

இவ்வரம்பின் இன்றியமையாமையை எல்லைப்புற மக்கள் நன்கு அறிவர். கிருட்டிணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் வழங்குகின்றன. போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் பெருஞ்சந்தையில், பொருளின் தரத்தையும் விலையையும் கேட்பாரன்றி, விற்பவனின் தாய்மொழியைக் கேட்பார் யார்? ஆயினும் 1991ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, கருநாடகத்தில் தமிழர் தாக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. தமிழகத்திலும் கன்னடர் சிலர் தாக்கப்பட்டனர். இழிமொழிகளும் தாக்குதற் காட்சிகளும் கைப்பேசி வழியே பரவி இருபுறத்தும் சினத்தை வளர்த்தன. ஓசூர் எல்லையில் வண்டிகள் நின்றன. மக்கள் சுமையோடு நடந்தே எல்லை கடந்தனர். நீரைப் பங்கிடும் வழக்கு மொழிப்பகையாய் மாறியதன் விளைவு இஃது.

வெறுப்பு மிகுந்த இடத்தில் நற்சொல்லுக்கும் இடமில்லாமற் போகும். பெங்களூர் அல்சூரில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. எல்லா மக்களுக்கும் பொதுவான அறம் உரைத்தவர்க்கே இந்நிலை! பின்னர் இரு மாநிலங்களும் இணங்கின. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பெற்றது. 13ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. பகைச்சொல் மூடியதை நட்புச்சொல் திறந்தது.

இனி, மறுப்போர் கூற்றையும் கேட்போம். மேடையை மறுத்தால், இழிமொழி கூறுவோன் தான் ஒடுக்கப்பட்டதாகச் சொல்லி இரக்கம் தேடுவான். மேலும், எது இழிமொழி என்று முடிவு செய்வார் வலியோராயின், தமக்கு ஒவ்வாத உண்மைகளையும் தடுப்பர் என்பர். இவ்வச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் திரைப்படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதனை மீட்டளித்தது. கிளர்ச்சி எழும் என்னும் அச்சுறுத்தலுக்காகக் கருத்தைத் தடுத்தல் கூடாது. வெடிமருந்தில் விழும் தீப்பொறி போலத் தீங்கு உடனே விளைவதாயின் மட்டுமே தடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

ஆதலின், மேடை அமைப்போர் மூன்று வினாக்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேசுவோன் கொள்கையைச் சாடுகின்றானா, அன்றிப் பிறப்பையும் மொழியையும் சாடுகின்றானா? சாடப்பட்டவர் அவ்வவையிலேயே எழுந்து அச்சமின்றி விடை கூற இயலுமா? அவன் சொல், கேட்போரைத் தீச்செயலுக்குத் தூண்டுமா? கொள்கையைச் சாடுவோன் எத்துணைக் கடுமையாகப் பேசினும் அவனுக்கு மேடை அளிக்கலாம். அவனுக்கு விடையளிக்க மற்றொருவர்க்கும் அம்மேடையை அளித்தல் வேண்டும். அயலானை விரட்டு, அடி என்போனுக்கு மேடை அளித்தல் தகாது. மேடை என்பது அழைப்போர் தரும் சிறப்பு. அதனைத் தர மறுத்தல் ஒருவன் நாவைக் கட்டுவதாகாது.

மாணவர்களே! அவையில் பேசுவோர் சிலர், கேட்போர் பலர். இழிமொழிக்கு வலிமை தருவது கேட்போரின் கைதட்டலே. அத்தகைய பேச்சைக் கேட்க நேரின் கைதட்டாதீர், பிறர்க்குப் பரப்பாதீர், பண்போடு எழுந்து, காரணம் காட்டி மறுத்துரையுங்கள். கேட்போர் இங்ஙனம் விழிப்புடன் இருப்பின், பகை மூட்டுவோர்க்கு ஏற மேடையும் இராது. கேட்க அவையும் இராது.