தண்ணி இல்லாத தடுப்பு வெறும் டப்பா!

பாலம் கட்டும் இடத்திலும், ரோட்டைத் தோண்டிக் குழாய் பதிக்கும் இடத்திலும் சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே என்ன இருக்க வேண்டும் தெரியுமா? தண்ணீர்!

நம்ம வீட்டு மொட்டைமாடித் தண்ணித்தொட்டி செய்வது போலத்தான் இதையும் செய்கிறார்கள். பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டுச் சூடாக்கிச் சுழற்றினால் உள்ளே காலியான பெட்டி கிடைக்கும். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு மூடி, கீழே திறந்துவிட ஒரு அடைப்பான். கான்கிரீட் தடுப்பைத் தூக்க கிரேன் வேண்டும். காலிப் பெட்டியை இரண்டு பேரே தூக்கி லாரியில் ஏற்றிவிடலாம். இந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. இறக்கி வைத்துவிட்டு, தண்ணி ஊற்றாமலே போய்விடுகிறார்கள்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? பெட்டியின் நீளம் 2 மீட்டர், உயரம் 80 செ.மீ., சராசரி அகலம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.64 கன மீட்டர், அதாவது 640 லிட்டர். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. எனவே 640 கிலோ! காலிப் பெட்டி 30 கிலோ என்போம்.

இப்போது 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் (நொடிக்கு 10 மீட்டர்) வந்து மோதுகிறது. மோதியபின் காரும் பெட்டியும் ஒட்டிக்கொண்டு போகின்றன. உந்த அழிவின்மை விதி படித்தோமே, அதைப் போடுங்கள்.

காலிப் பெட்டி: 10000 ÷ 1030 = நொடிக்கு 9.7 மீட்டர்.
நிரம்பிய பெட்டி: 10000 ÷ 1670 = நொடிக்கு 6 மீட்டர்.
நிரம்பிய மூன்று பெட்டிகளைக் கோத்திருந்தால்: 10000 ÷ 3010 = நொடிக்கு 3.3 மீட்டர்.

காலிப் பெட்டியால் கார் வேகம் கிட்டத்தட்ட குறையவே இல்லை பாருங்கள்! உராய்வை நாம் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் நிரம்பிய பெட்டி இன்னும் நன்றாகத் தடுக்கும். ஏன்னா எடை கூடினால் உராய்வும் கூடும். பெட்டி நசுங்கிக் கிழிந்து தண்ணி பீய்ச்சி அடிப்பதிலும் ஆற்றல் செலவாகிறது.

இன்னொரு விஷயம். நிரம்பிய பெட்டியும் மோதினால் நகரத்தான் செய்யும். அதனால் பெட்டிக்கும் குழிக்குள் வேலை செய்யும் அண்ணன்மாருக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். வேகமான சாலைகளுக்கு உள்ளே எஃகு வைத்து, மோதிச் சோதித்துப் பார்த்த தடுப்புகள் தனியாக உண்டு. சாதாரணப் பெட்டி முக்கியமாக வழி காட்டத்தான்.

தண்ணி ஊற்றினால் மட்டும் போதுமா? மூடியைத் தொலைத்துவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே முட்டை போடும். அடைப்பான் ஒழுகினால் சில நாளில் பெட்டி பழையபடி காலி. வெளியே பார்த்தால் எளிதில் தெரியாது. பஸ் போகிற காற்றிலே பெட்டி ஆடுதா, வரிசையை விட்டுத் திரும்பி நிற்குதா? அப்போ அது காலியாக இருக்கலாம். கிட்டே போய்த் தட்டிப் பார்க்காதீங்க, தூரத்திலிருந்தே கவனியுங்க!