ஆளுக்கொரு வேகம்: ஆன்லைன் உயர்நிலைப் பள்ளியும் க்ளோஸ்டு லூப்பும்



"புரியுதா?" என்று சார் கேட்டால் "புரியுது சார்!" என்று மொத்த வகுப்பும் சொல்லும். புரியாதவன்தான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வான். கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்கள் இதைச் சென்சார் கோளாறு என்பார்கள். 2020 ஊரடங்கில் வகுப்புகள் செல்போனுக்குள் போனபோது அந்தச் சத்தமும் போயிற்று. கேமராவை அணைத்து, மைக்கை மூடிவிட்டால் யார் கேட்கிறான், யார் தூங்குகிறான் என்று அறிய ஆசிரியருக்கு வழியே இல்லை. பாடம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

ஆன்லைன் கல்வியை விற்பவர்கள் எல்லோரும் "ஒவ்வொரு மாணவனுக்கும் ஏற்ற கல்வி" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? பார்த்துப் படிக்கிறவன், கேட்டுப் படிக்கிறவன், செய்து படிக்கிறவன் என்று மாணவர்களைப் பிரித்து, ஆளுக்கேற்ற பாடம் கொடுப்பது என்று சிலர் விளக்கம் தருவார்கள். ஹெரால்டு பாஷ்லரும் வேறு சில உளவியல் அறிஞர்களும் 2008-ல் இந்தக் கருத்துக்கான ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். திரையில் நம் பெயர் போட்டு "வாழ்த்துக்கள்" சொல்வதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்!

உண்மையான விஷயம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத பழைய அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை கருகினாலும் அது சூடாகிக்கொண்டே இருக்கும். அது ஓபன் லூப். தெர்மோஸ்டாட் உள்ளது தன் சூட்டைத் தானே அளந்து, தேவையானபோது நிறுத்தி, தேவையானபோது மறுபடி ஆரம்பிக்கும். அது க்ளோஸ்டு லூப். தமிழக அரசு 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கொரோனா காலத்தில் செல்போன் இல்லாத வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டுபோனது. அது பெரிய சேவை, சந்தேகமில்லை. ஆனாலும் டி.வி. ஓபன் லூப்தான். இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எங்கே இடித்தது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

லூப்பை மூடினால் எவ்வளவு வித்தியாசம் வரும்? சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் ப்ளூம் 1984-ல் எழுதிய கட்டுரை இதில் மிகவும் பிரபலம். மாணவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் வகைக்குச் சாதாரண வகுப்பு. இரண்டாம் வகைக்கும் வகுப்புதான். ஆனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சோதனை வைத்து, விட்டுப்போனதைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த பகுதி. மூன்றாம் வகைக்குத் தனி ஆசிரியர். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், சாதாரண வகுப்பின் 98 சதவீதம் பேரைத் தாண்டி நின்றான். இரண்டாம் வகையின் சராசரி மாணவன் 84 சதவீதம் பேரைத் தாண்டினான். பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. 2011-ல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனி ஆசிரியரின் பலன் ப்ளூம் சொன்ன 2 சிக்மா அல்ல, சுமார் 0.8 சிக்மாதான் என்று தெரிந்தது. அதுவும் கொஞ்சமல்ல.

இதில் நம்ம மாதிரி பசங்களுக்கு முக்கியம் அந்த இரண்டாம் வகை. சாதாரண வகுப்பில் நேரம் எல்லோருக்கும் ஒன்று, தேர்ச்சி ஆளுக்கு ஆள் வேறு. அங்கே அதைத் திருப்பிப் போட்டார்கள். தேர்ச்சி எல்லோருக்கும் ஒன்று, நேரம்தான் ஆளுக்கு ஆள் வேறு. இதைத்தான் ஆன்லைன் பள்ளியால் செய்ய முடியும். 60 பேர் வகுப்பில் ஒரு ஆசிரியர் இதைச் செய்ய நினைத்தால் பாவம், சிலபஸ் முடியாது.

மெஷின் இதை எப்படிச் செய்கிறது? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 1990-களில் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஒரு இயற்கணித மென்பொருள் செய்தார்கள். அதன் வாரிசு இன்று மேத்தியா என்ற பெயரில் ஆன்லைனில் இருக்கிறது. ஒவ்வொரு திறனும் இந்த மாணவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று அது ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்பத்தில் அந்த எண் 0.5. தெரியாமலே குத்துமதிப்பாகச் சரியான விடை தரும் வாய்ப்பு 0.25. தெரிந்தும் கவனக்குறைவால் தப்பு விடும் வாய்ப்பு 0.1.

விடை சரி என்றால்: 0.5 × 0.9 = 0.45. தெரியாமல் சரியாவது 0.5 × 0.25 = 0.125. ஆக 0.45 ÷ 0.575, அதாவது சுமார் 0.78.

விடை தப்பு என்றால்: 0.05 ÷ 0.425, சுமார் 0.12.

இதன்மேல், அந்தக் கணக்கைப் போட்டதாலேயே கொஞ்சம் கற்றிருப்பான் என்று ஒரு சிறு பங்கு கூடும். எண் 0.95-ஐத் தொட்டால் அடுத்த திறன். தொடாவிட்டால் அதே திறனில் இன்னொரு கணக்கு. ஒரே ஒரு சரியான விடையை அது நம்பிவிடுவதில்லை, கவனித்தீர்களா? ஒருவனுக்கு 4 கணக்கு, இன்னொருவனுக்கு 14. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

சரி, பலன்? ராண்டு ஆய்வு நிறுவனம் 7 மாநிலங்களின் பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்து, முடிவை 2014-ல் வெளியிட்டது. முதல் வருடம் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் உயர்நிலைப் பள்ளிகளில், 100 பேரில் 50-வது இடத்தில் இருந்திருக்கக்கூடிய மாணவன் 58-வது இடத்துக்கு ஏறினான். என் கருத்தில் அந்த வீணான முதல் வருடம்தான் பாடம். மென்பொருள் வந்த அன்றே வேலை நடந்துவிடாது. ஆசிரியரும் பள்ளியும் அதோடு பழகவேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு பக்கம் ஃப்ளோரிடா மாநிலம். 1997-ல் அங்கே அரசே இணையவழி உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பெயர் ஃப்ளோரிடா வெர்ச்சுவல் ஸ்கூல். உடம்பு முடியாமல் வீட்டில் இருப்பவர்கள், விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதுகிறவர்கள் (நம் ஊர் பாஷையில் அரியர்!), தங்கள் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாதவர்கள், எல்லோரும் அங்கே சேரலாம். மெதுவா, வழக்கம்போலவா, வேகமாவா என்று மாணவனே தேர்ந்தெடுக்கலாம். 2003 முதல் பள்ளிக்கு அரசு தரும் பணம், மாணவன் பாடத்தை வெற்றிகரமாக முடிப்பதைப் பொறுத்தது. சேர்த்துவிட்டால் மட்டும் போதாது.

ஆனால் என்னைக் கவர்ந்தது கம்ப்யூட்டர் அல்ல, டெலிபோன்! அங்கே ஆசிரியர் மாணவனையும் பெற்றோரையும் அவ்வப்போது போனில் கூப்பிட்டுப் பேசுவார். பாடத்தின் நடுவில் போனிலேயே வாய்மொழித் தேர்வும் உண்டு. அதாவது நம்ம லேப் வைவா. "இந்தப் படியை ஏன் போட்டாய்?" என்று கேட்டால் காப்பியடித்தவன் இரண்டாவது கேள்விக்கே மாட்டுவான். அதைவிட முக்கியம், எழுத்தில் தப்பாகப் போட்டவன் உள்ளுக்குள் சரியாக நினைத்திருப்பதும் வெளியே வரும். 0.95 என்ற எண்ணால் கண்டுபிடிக்க முடியாதது அது. எண் சொல்வது எங்கே தடுக்கினான் என்பதை மட்டும். ஏன் தடுக்கினான், வீட்டில் என்ன நிலைமை என்பதற்கு ஒரு மனிதர் கேட்கவேண்டும்.

கடைசியாக, லூப்பை மூடுவதற்கு முன்னால் சிக்னல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். பார்வையற்ற மாணவர் கம்ப்யூட்டரில் படிப்பது திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் மூலம். என்.வி.டி.ஏ. என்பது அதில் இலவசமானது. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும். ஆனால் நாம் குரூப்பில் அனுப்பும் நோட்ஸ் போட்டோவாக இருந்தால் அதற்கு அது வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்ஸ் இன்னும் மோசம். நம் கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குள் அது ஆங்கில எழுத்து. மென்பொருள் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் அர்த்தமில்லாமல் வாசிக்கும்.

சோதிப்பது சுலபம். நோட்ஸில் ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு, அனுப்பலாம். ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.