கூழாங்கல்லில் ஒரு மலர்

உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று வெங்காயத்தைப் பழிப்பது நம் வழக்கம். தாவரவியல் பயில்வோர் இதை ஒப்பமாட்டார்கள். ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடியில் தட்டுப் போன்ற சிறு தண்டு. அதன்மேல் உணவு நிறைந்த செதில் இலைகள். அவற்றின் நடுவே ஒரு மொட்டு. இவ்வமைப்பையே குமிழ்த்தண்டு என்கிறோம்.

கோடை மழை தூறியதும் மைசூர்த் தோட்டங்களில் எக்காளம் போலச் செந்நிறத்தில் மலரும் ஹிப்பியாஸ்ட்ரமும் இவ்வகையே. அதன் தாயகம் தென்னமெரிக்கா. அடுத்து வரும் பூவின் மொட்டு முன்பே குமிழினுள் உருவாகியிருக்கும். எனவே மண்ணும் உரமும் இல்லாமலே அதை அறைக்குள் மலரச் செய்யலாம். துலிப்புக்குப் பல வாரக் குளிர் தேவை; மைசூர்க் குளிர் அதற்குப் போதாது. இதற்கோ அக்குறை இல்லை.

செய்முறை எளிது. அடியில் துளையில்லாத அகன்ற கிண்ணத்தில் முக்கால் பங்கு கூழாங்கற்களை நிரப்புங்கள். கெட்டியான, பெரிய குமிழைப் பாதி வெளியே தெரியுமாறு அமர்த்துங்கள். குமிழின் அடிக்குச் சற்றுக் கீழே நிற்குமளவு நீர் ஊற்றுங்கள். வேர் நீரைத் தேடி இறங்கும். கற்களின் இடைவெளி அதற்குக் காற்றைத் தரும். வாரம் ஒருமுறை நீரை மாற்றிச் சன்னலோரம் வைத்தால், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: இதில் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வெங்காயம் என்றெண்ணிச் சமையலறைக்கு அனுப்பிவிடாதீர்கள்!

முதல் முறை நான் தோற்றேன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக் கரையில் பொறுக்கிய கற்களை இட்டு, அன்பு மிகுதியால் கழுத்தளவு நீர் ஊற்றினேன். பத்தே நாளில் குமிழ் அழுகிற்று. இரண்டாவது குமிழ் நான்கு மலர்கள் தந்தது. விடுதி நண்பர்கள் வியந்தனர்; எனக்கும் பெருமைதான்.

ஆனால் மலர் வாடியபின் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். மெலிந்து தளர்ந்திருந்தது. கூழாங்கல் அதைத் தாங்கியதே ஒழிய உணவூட்டவில்லை. அத்தனை அழகும் பழைய சேமிப்பின் செலவு! அதை அப்படியே விட்டால் மறுமுறை பூப்பது அரிது. மண்ணில் நட்டு, இலைகளை வெட்டாமல் வெயிலில் வளரவிட வேண்டும். இலை உண்டாக்கும் உணவே குமிழை மீண்டும் நிரப்பும்.

அன்றிரவு மேட்டூரில் தறியோட்டும் என் தந்தையை நினைத்தேன். அவர் பல்லாண்டு சேர்த்த பணத்தில்தான் நான் இங்கே படிக்கிறேன். நாம் பெறும் மதிப்பெண்ணும் பரிசும் யாருடைய சேமிப்பின் மலர்கள்?

குமிழை விடுதிச் சுவரோரம் நட்டுவிட்டேன். மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டியதில் ஒரு பங்கைச் சென்ற மாதம் முதன்முறையாக வீட்டுக்கு அனுப்பினேன். “உனக்குப் போதுமா, தம்பி?” என்றுதான் அப்பா கேட்டார்.

குமிழில் இப்போது ஐந்து இலைகள்.