வளர்க்கத் தகுந்த பெருஞ்சிலந்தி எது?

மீன் வளர்ப்போரும் புறா வளர்ப்போரும் நம் காரைக்காலில் பலர் உண்டு. சிலந்தி வளர்ப்போர் உண்டா என்று கேட்டால் நகைப்பார்கள். ஆயினும் டாரன்டுலா எனப்படும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றி, நம் நாட்டு இளைஞர்களையும் பற்றிக்கொண்டிருக்கிறது. விலங்கியல் பயிலும் என்னிடம் வகுப்புத் தோழர் ஒருவர், "முதன்முதலில் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?" என்று வினவினார். பணமும் சேர்த்து வைத்திருந்தார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

பெருஞ்சிலந்திகளை வளர்ப்போர் இரு பிரிவாகப் பார்ப்பர். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை, சீண்டினால் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறிவிடும். அம்மயிர் தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆனால் அவற்றின் நஞ்சு பொதுவாக வீரியம் குறைந்தது. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவற்றுக்கு இந்த மயிர் ஆயுதம் கிடையாது. ஆகவே அவை ஓடும், அல்லது கடிக்கும். நம் நாட்டு மரச்சிலந்திகளான பொயெசிலோதீரியா இனத்தவை கண்ணிமைக்கும் நேரத்தில் கையிலிருந்து தோளுக்கு ஏறிவிடும். அவை கடித்து மனிதர் இறந்ததாகச் செய்தி இல்லை. ஆனால் கடும் வலியும், சில நாள் வரை விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டு.

ஆகவே தொடக்கநிலையினருக்கு அறிந்தோர் காட்டுவது, மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி, சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி போன்று தரையில் வாழும் நிதானமான இனங்களையே.

"நம் ஊர்ப் பக்கத்துச் சிலந்தியையே பிடித்து வளர்த்தால் செலவில்லையே" என்றார் தோழர். இங்கேதான் நான் கடுமையாக மறுத்தேன். நம் கடற்கரையோடு தெற்கே போனால் இராமேசுவரம். அங்கே கண்டறியப்பட்ட மரச்சிலந்தி ஒன்றுக்கு 2004ஆம் ஆண்டில்தான் அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. அனுமாரின் பெயரைத் தாங்கிய அது, புளியமரம் போன்றவற்றின் பொந்துகளில் வாழ்வது. மிகக் குறுகிய பரப்புக்குள் ஒடுங்கிவிட்ட உயிர். ஆந்திரத்தின் நீலச்சிலந்தியின் கதை இன்னும் வியப்பானது. 1899இல் போக்காக் என்ற ஆங்கில அறிஞர் விவரித்த அது கூத்தி இரயில் நிலையத்து மரக்கிடங்கில் அகப்பட்டது. மரத்தோடு இரயிலேறி வந்திருக்க வேண்டும். பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல், 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. இன்றோ வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் அது பெருகிக் கிடக்க, சொந்தக் காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. பொந்துள்ள முதிய மரத்தை விறகுக்கு வெட்டுவது ஒரு காரணம். அழகுக்காகப் பிடித்துச் செல்வது மற்றொன்று. ஒரு பெண்சிலந்தியைப் பிடிப்பவர், அது இடவிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்.

இனி சட்டம். பொயெசிலோதீரியா இனம் முழுவதும் 2019இல் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. செம்முழங்கால் சிலந்தியின் இனம் அதற்கு முன்பே அதில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அவ்வுடன்படிக்கை உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி உரிமமும் நலச் சான்றும் தேவை. 2021 சூலையில் சென்னையில் சுங்க அதிகாரிகள் போலந்திலிருந்து வந்த அஞ்சற் பொதியைப் பிரித்தனர். அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்தது அது. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள்! உரிய ஆவணம் இல்லாததால் அவற்றை வந்த நாட்டுக்கே திருப்பியனுப்ப முடிவாயிற்று. கைப்பேசியில் விலை பேசி விற்பவர் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஆவணத்தோடு, வளர்ப்பில் பிறந்த செம்முழங்கால் குஞ்சு ஒன்று கிடைக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்குப் போட வேண்டும். பெண் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். ஆண் பருவமெய்தியபின் ஓரிரு ஆண்டில் மடியும். குஞ்சில் ஆண் பெண் அறிவது அரிது. அது உரித்த தோலை நுண்ணோக்கியில் பார்த்தே அறியலாம். நம் ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க வேலை. பெண்ணென்று தெரிந்தால், நாம் மூன்றாண்டுப் பட்டம் பெற்று வேலை தேடிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனபின்னும் அது இங்கே பசித்திருக்கும். கரப்பான் பிடித்துப் போட வேண்டியவர் நம் அம்மா! அதுவும் மருந்தடித்த வீட்டுக் கரப்பானாக இருக்கக்கூடாது. கொசு மருந்துப் புகையும் சிலந்திக்கு எமன்.

பெட்டி உயரமாக இருத்தல் ஆகாது. தரைச்சிலந்தி ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறக்கக்கூடும். கையில் எடுத்து விளையாடக் கூடாதென்பதும் அதனால்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பெட்டி மண் பூசணம் பிடிக்காமல் காற்றோட்டம் வேண்டும். ஒருநாள் அது மல்லாந்து அசைவற்றுக் கிடக்கும். செத்ததென்று எறிந்துவிடாதீர்கள், தோலுரிக்கிறது. அவ்வேளையில் இரையைப் பெட்டியில் விட்டுவைத்தால் அதுவே சிலந்தியைக் கடித்துவிடும்.

இத்தனையும் கேட்ட தோழர், "ஆவணமில்லாமல் வாங்கமாட்டேன், அதுவரை சும்மா இருப்பதா?" என்றார். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரவில் கரப்பான் வேட்டையாடும் பெரிய தட்டைச் சிலந்தியை அவருக்குக் காட்டினேன். அது டாரன்டுலா அன்று. ஆனால் பெண் தன் வட்டமான முட்டைப்பையை வயிற்றடியில் சுமந்து திரியும் காட்சிக்குக் கட்டணமில்லை, உரிமமும் வேண்டியதில்லை. இப்போது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் அதன் நடமாட்டத்தைக் குறித்து வருகிறார். விளக்கணைத்துக் கால்மணி நேரம் கழித்து வெளிவருகிறதாம்.